இருபத்தைந்தாம் கதவு

எங்கள் கம்பெனிக்கு நாலு சர்வர்.
"சர்வர்னா சாப்பாட்டுக்கடைத் தம்பியா?" என்றார்
எடைமேடைக் கிராணி குணாளன்.
நான் சிரிக்கவில்லை. அன்று ராத்திரிதான்
ஆலையின் சர்வர் ஊரெல்லாம் பரிமாறியிருந்தது
மூவாயிரம் மாத்திரை விளம்பரங்களை,
கம்பெனி பெயரில்.

விடிந்தபோது நாங்கள் கருப்புப் பட்டியலில்.
பாசிர் கூடாங்குக்கு அனுப்பிய எண்ணெய் விலை திரும்பி வந்தது.
ரோட்டர்டாமுக்குப் போனதும்.
பஹாவ் பேங்குக்கு,
ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரிகிற அதே பேங்குக்குப்
போனதும்.
மேனேஜர் ஹிஷாமுடின் சொன்னது இவ்வளவுதான்:
எஸ்டேட்டுக்கு ஒரு கேட், ஒரு ஜாகா.
இதுக்கும் அப்படியே செய்.

வெள்ளிக்கிழமை,
ஆலைப்புகை கோயில் பக்கம் சாய்கிற நேரத்தில்
வாசலை நிறுவினேன்.
ஆலை, ஆபீஸ், கிளினிக், மூன்றிடமும் சொன்னேன்:
வெளியூர் வழி இனி உங்களுக்குத் தெரிய வேண்டாம்.
எந்த மடலானாலும் வாசலிடம் கொடுங்கள்,
அது முகர்ந்து பார்த்து
கையெழுத்துப் போட்டு அனுப்பும்.
இருபத்தைந்தாம் கதவு வாசலுக்கு மட்டும் கதவு,
உங்களுக்குச் சுவர்.

நாலாவது, நாற்றுப்பண்ணையில் இருந்தது.
யூரியா மூட்டைக்கும் சேற்று பூட்ஸுக்கும் நடுவே
எட்டு வருஷமாய் யாரும் தொடாத பெட்டி.
விசிறிக்குள் பல்லிமுட்டை.
வேலிக்கம்பி அறுந்த இடத்தில் ஒற்றையடிப்பாதை விழுமே,
அப்படி அது தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தது.
அதையும் அடைத்தேன்.
ஹிஷாமுடின் எனக்குக் கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை, ஏழாம் தேதி,
வாசலில் ஒரு மடல் நின்றுகொண்டிருந்தது.
கிளம்பிய இடம் நாற்றுப்பண்ணை.
போக வேண்டிய இடம் கோலாலம்பூரில் ஒரு தூதரகம்.
நிறுத்திய காரணம்:
நாற்பத்தொரு பாஸ்போர்ட் எண்கள்.
எண்கள் வெளியே கசியக் கூடாது என்று
நானே எழுதிய விதி.

உள்ளே படிக்கக் கூடாது என்பதும் விதி.
படித்தேன்.

மொஃபசல் எழுதியிருந்தான்,
செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறவன்.
பாதி மலாய், பாதி ஆங்கிலம்.
பாஸ்போர்ட் ஆபீஸ் பெட்டியில் இருக்கிறது ஐயா,
கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள்,
என் மகளுக்குப் பதினாலு மாதம்,
நான் இன்னும் பார்க்கவில்லை.
கீழே பெயர், எண், பெயர், எண்.

பெட்டி என்றால் எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும்.
என் யூபிஎஸ் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.
இரும்புப் பெட்டி, அசையாது என்று
நான்தான் இடம் பார்த்து வைத்தேன்.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
மாதாமாதம் ஏழாம் தேதி
அறுந்த கம்பி வழியே இதே மடல் போயிருக்கிறது.
பதினொரு தடவை.
பதில் வந்த தடம் இல்லை.
பன்னிரண்டாவதை நிறுத்தியவள் நான்.

திரையில் இரண்டு பொத்தான்: அழி, விடுவி.
வெளியே பசியாறச் சங்கு ஊதியது.
குணாளன் ரோட்டி சானாய் வேண்டுமா என்று கேட்டுவிட்டு,
பதிலுக்கு நிற்காமல் போனார்.
விடுவித்தவர் பெயர் வெள்ளிக்கிழமை அறிக்கையில் வரும்.
அறிக்கை ஹிஷாமுடினுக்குப் போகும்.
அந்த அறிக்கையையும் நான்தான் அமைத்தேன்.
என் வேலையில் ஓட்டை இருக்காது.

அழுத்தினேன்.

வாசல் தன் வழக்கப்படி
மடலின் அடியில் ஒரு வரி சேர்த்தது:
இது சோதிக்கப்பட்டது. ஆபத்து ஏதுமில்லை.
பதிவேட்டில், விடுவித்தவர்: ச. யோகமலர்.
எட்டு மணி பன்னிரண்டு நிமிஷம்.

அந்தப் பக்கத்து சர்வர் பதில் சொன்னது:
இருநூற்றைம்பது, சரி.
அந்த எண்ணுக்கு
வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம்.
படித்தேன் என்று அர்த்தமில்லை.